பேசுகிறவனுக்கு ஆணை தந்தது யார்?

வங்காளத்தில் காமார்புகூர் என்னும் சிற்றூரில் ஹால்தார் குளம் என்று ஒரு குளம். நாள்தோறும் விடியற்காலையில் சிலர் அதன் கரையை அசுத்தம் செய்துவிட்டுப் போவதும், பிறகு நீராட வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர்களை வாய்க்கு வந்தபடி வைவதும், மறுநாள் காலையில் அந்தக் கரை அதே கோலத்தில் கிடப்பதும் அங்கே வழக்கமாக நடந்துவந்தன. வைதவர்களுடைய பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை, காரத்துக்கும் குறைவில்லை. ஆயினும் ஒருவரும் திருந்தினபாடில்லை. கடைசியில் சர்க்கார் சேவகன் ஒருவன், மார்பிலே பித்தளை வில்லை பளபளக்க வந்து, அங்கே அசுத்தம் செய்யலாகாது என்று ஓர் அறிக்கையை ஒட்டிவிட்டுப் போனான். அன்றோடு அது நின்றது. அந்த ஊரிலே பிறந்த ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸர், பிரசங்கிகளைப் பற்றிய பேச்சு எழுந்த பல சமயங்களில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். பிறருக்குத் தர்மோபதேசம் செய்யப் புறப்படுகிறவனுக்கு அந்த வில்லை வேண்டும், அதைத் தரவேண்டியவன் ஆண்டவன், அது இல்லாதவன் எத்தனை சாஸ்திரம் ஓதியிருந்தாலும் கேட்டவர்கள் கேட்டுவிட்டு எழுந்துபோய் மறுநாள் பழையபடியே இருப்பார்கள் என்பது அவருடைய கட்சி.

1884-ஆம் ஆண்டு ரத யாத்திரைத் திருநாளன்று அவர் கல்கத்தாவில் பண்டித சசதர தர்க்கசூடாமணியைக் காணச் சென்றார். ஹிந்து ஆசாரங்களுக்கெல்லாம் விஞ்ஞான ரீதியாகக் காரணங்கள் காட்டி உபந்நியாசங்கள் நிகழ்த்திப் பெரும்பேர் ஈட்டியிருந்தவர் சசதரர். அவரிடம் பரமஹம்ஸர் அன்போடு, ஆனால் சுற்றி வளைக்காமல், பிரசங்கம் செய்ய உமக்கு ஆணை கிடைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டார். பிரம்ம சமாஜத்துப் பிரசங்கி ஒருவருடைய கதையையும் அவர் சொன்னதுண்டு. அந்த மனிதர் மேடையிலே உள்ளம் உருகி, தாம் முன்பு எவ்வளவு மது அருந்தினவர் என்பதை ஒளிக்காமல் எடுத்துரைத்தாராம், சபையோர் உருகவில்லை, இந்தப் பைத்தியக்காரன் என்ன சொல்கிறான், இவன் குடித்தவனாமே என்று ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்தார்களாம்.

இந்த இரண்டாவது கதையை வாசிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். ஏனெனில், உள்ளத்தில் உள்ளதை உள்ளபடி திறந்து பேசினால் கேட்பவர் உள்ளமும் திறக்கும் என்பதைத்தான் நாம் எல்லோரும் பிரசங்கக் கலையின் மூல மந்திரமாகச் சொல்லி வருகிறோம். அந்தப் பிரசங்கி, பாவம், பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை, தன் மானத்தையே பணயம் வைத்துப் பேசினார். அப்படியும் அவருக்குக் கிடைத்தது ஏளனமே. ஆகவே, மனப்பூர்வமாகப் பேசுவது என்றால் உணர்ச்சியை ஒளிவுமறைவின்றிக் கொட்டுவது என்று மட்டும் பொருள் கொண்டால் போதாது போலும்.

மறுபுறத்தில், வில்லை உடையவன்தான் பேசலாம் என்று விதித்துவிட்டால் உலகத்தில் யார்தான் பேசுவது? அந்த வில்லை சேவகன் மார்பில் தொங்குவதுபோல் கண்ணுக்குத் தெரிவதாய் இருந்தாலும் பாதகமில்லை. தெரிவதில்லை என்பதனாலேயே, இறைவன் என்னிடம் நேரில் சொன்னான் என்று கூசாமல் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாத் தேசங்களிலும் எல்லாக் காலங்களிலும் தோன்றி, அப்பாவி ஜனங்களை ஆட்டிப்படைத்திருக்கிறார்கள். ஆணை உண்டென்று கூவுகிறவனிடம் அது பெரும்பாலும் இருப்பதில்லை. இருக்கிறவனோ தனக்கு அது வேண்டாம் என்று ஓடுகிறான். அப்படியானால், ஒருவனுடைய வாக்கு மற்றொருவன் வாழ்வில் புகுந்து வேலை செய்வதற்கு உண்மையில் எது காரணம் என்பது விசாரிக்கத் தகுந்த விஷயந்தான்.

நம்முடைய நூலோர் இதை எவ்விதம் பகுத்தார்கள் என்று பார்த்தால் ஒன்று புலப்படும். திருவள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்களைப் பொருட்பாலில், அமைச்சியலில் வைத்தார். வாய்மையையோ அறத்துப்பாலில், அதிலும் துறவறவியலில் வைத்தார். சபையைத் தன்வசப்படுத்துவது மந்திரிக்குரிய திறமை. உண்மை பேசுவது துறவிக்குரிய விரதம். அரசியல் மேடையில் பேசுகிறவன் முதலாவதைக் கொண்டு காலம் தள்ளிவிடலாம். ஏகாந்தத்தில் இருக்கும் துறவிக்கு இரண்டாவது போதும். சமயப் பிரசங்கியின் பாடுதான் திண்டாட்டம். மந்திரியின் ஆயுதத்தைத் துறவியின் கையில் பிடித்துக்கொண்டு அவன் நிற்கவேண்டியிருக்கிறது.

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் வாக்கினால் இயற்றும் தவத்துக்கு இலக்கணம் சொல்லுமிடத்தில், உண்மை, இனிமை, நன்மை ஆகியவற்றுக்கும் முன்னதாக, கேட்பவரைக் கலங்கவைக்காமை வைக்கப்பட்டிருக்கிறது. சபையைக் கலக்கிவிட்டார், ஆட்டிவைத்துவிட்டார், அனல் கக்கினார் என்றெல்லாம் நாம் புகழ்மொழியாக வழங்குவதைக் கண்டால் கீதாசாரியன் சற்றுத் திகைக்கவே செய்வான்.

கேசவ சந்திர சேனரைவிடப் பெரிய வக்தா அந்தக் காலத்து வங்காளத்தில் கிடையாது. கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் ஆங்கிலத்தில் பேசினால் வெள்ளைக்கார அதிகாரிகள் உட்பட அத்தனை பேரும் கட்டுண்டு கிடப்பார்கள். 1875-இல் பரமஹம்ஸரைச் சந்தித்த பிற்பாடு, அவர் எதிரில் தம்மைப் பேசச் சொன்னபோது, கொல்லன் பட்டறையில் ஊசி விற்க நான் வரவில்லை என்ற பொருளில் கேசவர் மறுத்துவிட்டாராம். நம் ஊர்ப் பழமொழி கங்கைக்கரையிலும் அப்படியே வழங்குவது ஒருபுறம் இருக்கட்டும். தம் வாக்கின் வல்லமையை நன்கு அறிந்த ஒருவர், எழுத்தறிவும் குறைவான ஒரு கோவில் பூசாரிக்கு முன்னால் வாய்பொத்தி உட்கார்ந்தார் என்பது, இந்த விசாரணையில் கேசவருக்குச் சாதகமாகவே எழுதவேண்டிய குறிப்பு. தன்னைக் காட்டிலும் பெரியதொன்று எதிரே இருப்பதை உணர்ந்து பேச்சை அடக்கிக்கொள்ளத் தெரிந்தவனுக்கே பேசும் தகுதியில் ஒரு பாதி வந்துவிடுகிறது.

1886 பிப்ரவரியில், காசிப்பூர்த் தோட்ட வீட்டில் தொண்டைப் புற்றுநோயால் குரல் ஒடுங்கிக் கிடந்த பரமஹம்ஸர், ஒரு தாளை எடுத்து, நரேந்திரன் பிறருக்குப் போதிப்பான் என்று எழுதிக் காட்டினார். நரேந்திரர் ஒப்புக்கொள்ளவில்லை, என்னால் ஆகாது என்றார். உன் எலும்புகள் அதைச் செய்யும் என்பது குருவின் பதில். வாய் திறந்து சொல்லமுடியாத நிலையில் இருந்தவர், பேச மறுத்த ஒருவருக்குப் பேசும் ஆணையைக் கொடுத்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். சீடருக்கு அப்போது வயது இருபத்துமூன்று. பிரசங்க ஆசை சிறிதும் இல்லை. நிர்விகல்ப ஸமாதியில் மூழ்கிக்கிடக்கவேண்டும் என்பதே விருப்பம்.

இதற்கு ஏழாண்டுகள் கழித்து நடந்ததை நம்மில் பலர் பள்ளிப்பாடத்திலேயே படித்திருக்கிறோம். படித்ததனாலேயே அதன் விசித்திரம் நமக்குத் தட்டுப்படுவதில்லை. சென்னையில் பச்சையப்பன் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த அளசிங்கப் பெருமாள் நண்பர்களுடன் வீடு வீடாகச் சென்று யாசித்துத் திரட்டிய பணத்தோடு, 1893 மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறிய அந்த நரேந்திரர், அதாவது விவேகானந்தர், சிகாகோவை அடைந்தபின்தான், சர்வமத மகாசபை செப்டம்பருக்குத் தள்ளிப்போய்விட்டது என்பதையும், தக்க ஸ்தாபனம் ஒன்றின் நற்சாட்சிப் பத்திரம் இல்லாத எவரையும் பிரதிநிதியாகச் சேர்ப்பதில்லை என்பதையும், சேர்ப்பதற்குரிய கெடுவும் கடந்துவிட்டது என்பதையும் தெரிந்துகொண்டார். சென்னையிலிருந்து அனுப்பிவைத்த இளைஞர்களுக்கு இப்படி ஒரு பத்திரம் வேண்டியிருக்கும் என்றே தோன்றவில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ரைட் அவரோடு பழகிப் பார்த்து வியந்து, சபையாருக்குச் சிபார்சுக் கடிதம் கொடுத்தார். அதன்பிறகும் சோதனை விட்டபாடில்லை: போகவேண்டிய இடத்து விலாசத்தைத் தொலைத்துவிட்டு, சிகாகோ ரயில்வே முற்றத்தில் ஒரு சரக்குப் பெட்டியில் இரவைக் கழித்து, மறுநாள் பசியோடு பணக்காரத் தெருவில் வீடு வீடாகக் கேட்டு விரட்டப்பட்டு, களைத்துப்போய்த் தெருவோரத்தில் உட்கார்ந்திருந்தவரை எதிர்வீட்டு ஹேல் அம்மையார் கண்டு அழைத்துப் போய் உணவளித்துச் சபைக்கு இட்டுச்சென்றார். காசிப்பூரில் எழுதிக் காட்டின ஆணை அவரிடம் இருந்தது. உலகத்தார் கேட்ட வில்லைதான் இல்லை.

செப்டம்பர் 11-ஆம் தேதி. மேடையில் வரிசையாக வீற்றிருந்த மதத் தலைவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தயாராகக் கொண்டுவந்திருந்த பிரசங்கத்தைப் படித்து அமர்ந்தனர். இவரை அழைத்தபோதெல்லாம் அப்புறம், அப்புறம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். நெஞ்சு படபடத்ததையும், நாக்கு உலர்ந்துபோனதையும், காலை வேளையில் பேசத் துணிவே வராததையும், மற்றவர்கள் எல்லாம் ஆயத்தமாக வந்திருக்கத் தாம் மட்டும் ஒன்றும் எழுதிவராத மூடனாய் இருந்ததையும் பிற்பாடு அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிற்பகலில், இனியும் தள்ளமுடியாது என்றான பிறகு, மனத்துக்குள் சரஸ்வதி தேவியை வணங்கிவிட்டு எழுந்தார். அமெரிக்க மக்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று அவர் விளித்ததும், எழுந்த கரகோஷம் இரண்டு நிமிஷம் வரையில் ஓயாததும், சிறியதொரு பிரசங்கத்தை முடித்துவிட்டு உணர்ச்சி மேலீட்டால் சோர்ந்து உட்கார்ந்ததும் யாவரும் அறிந்தவை.

அந்த விளியில் அப்படி என்ன மாயம் இருந்தது என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். உறவுமுறை சொல்லி அழைப்பது நமக்குப் புதிதன்று. அண்ணாச்சி, அக்கா என்று முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டு வழி கேட்கிற நாடு இது. அன்று அந்த மண்டபத்தில் பேசினவர்களில் வேறு யாரும் மக்களை அன்போடு விளிக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. என் அபிப்பிராயத்தில் காரணத்தை அந்தச் சொல்லில் தேடுவதைவிட அதற்கு முந்திய சில வாரங்களில் தேடுவது பொருந்தும். யாரிடமும் எதையும் வற்புறுத்தி வாங்கமுடியாத நிலைக்கு வந்துவிட்ட ஒரு மனிதன் எழுந்து நின்றான். அவனுக்கு ஸ்தாபனம் இல்லை. ஆகவே அதன் கௌரவத்தைக் காப்பாற்றவேண்டிய பாரமும் இல்லை. ஆயத்தம் இல்லை, ஆகவே ஆயத்தம் செய்ததை வெளிக்காட்டவேண்டிய கவலையும் இல்லை. சபையோருக்கு அவன் கொடுக்க வந்தான். அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டுபோக ஒன்றும் வைத்திருக்கவில்லை. பிரம்ம சமாஜப் பிரசங்கியிடம் இல்லாதது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குடித்ததைச் சொல்லித் தாழ்த்திக்கொண்டபோதும், அந்தத் தாழ்ச்சிக்காகத் தம்மை நேசிக்கவேண்டும் என்று அவர் சபையைக் கெஞ்சினார் போலும். சபைக்கு இது உடனே தெரிந்துவிடும். மேடையில் இருப்பவன் தன் மனத்தை ஒளித்துக்கொண்டாலும், கொடுக்க நிற்கிறானா, வாங்க நிற்கிறானா என்பதை மட்டும் எதிரே இருப்பவர்களிடமிருந்து ஒளிக்க முடிவதில்லை.

இதிலிருந்து, முன்னேற்பாடே கூடாது, வாய்க்கு வந்ததைப் பேசுவதே மனப்பூர்வமான பேச்சு என்று யாராவது முடிவு கட்டினால் அது சோம்பேறிகளுக்கு அனுகூலமான முடிவு. அதே சபையில் செப்டம்பர் 19-ஆம் தேதி ஹிந்து சமயத்தைப் பற்றி விவேகானந்தர் ஒரு கட்டுரையை முறைப்படி எழுதிவந்து வாசித்தார். மறுநாளே, இந்தியாவுக்கு இப்போது அவசரமாய் வேண்டியது மதமன்று, பசித்தவனுக்குச் சோறு என்றும், கிறிஸ்தவக் கோவில் கட்டப் பணம் அனுப்புகிறவர்கள் பஞ்சத்தில் மடிகிறவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்றும், பாதிரிமார் நிறைந்த அந்த மண்டபத்திலேயே கண்டித்தும் பேசினார். இனிமை எங்கே போயிற்று, கலங்கவைக்காமை எங்கே போயிற்று என்று கேட்கலாம். கலங்கினார்கள்தான். ஆனால் ஒன்பது நாளைக்கு முன்னே தம்மை வானளாவப் புகழ்ந்த ஜனங்களின் நல்லெண்ணத்தைக் கெடுத்துக்கொள்ளத் துணிந்தது, அந்தப் புகழை அவர் தம் சொத்தாகக் கருதவில்லை என்பதற்கு அத்தாட்சி.

கருதவில்லை என்பதைப் பின்னால் நடந்ததும் காட்டிற்று. சபை முடிந்தபின் பிரசங்க ஏற்பாட்டுக் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார்; கம்பெனி அவரை நன்றாகச் சுரண்டிற்று. 1894-இல் நஷ்டத்தோடு அதிலிருந்து விடுபட்டார். விளம்பரத் தட்டிகள், பத்திரிகைக்காரர்களின் அசட்டுக் கேள்விகள், பேசி முடித்ததும் கைகுலுக்க நீளும் வரிசை எல்லாமே அவருக்குக் கசந்துபோயின. 1895-இல் நியூயார்க்கில் ஒரு சாதாரணத் தெருவில் அறை எடுத்து, கட்டணம் இல்லாமல், வந்தவர்களைத் தரையிலே உட்காரவைத்து யோகமும் வேதாந்தமும் கற்பிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டுக் கோடையில் ஆயிரம் தீவுப் பூங்கா என்னும் இடத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்குச் சொன்னவை, ஆயிரக்கணக்கானோருக்குச் சொன்னவற்றைக் காட்டிலும் ஆழமானவை என்பது என் துணிபு. அந்த ஆண்டின் இறுதியில் சுருக்கெழுத்தாளராகக் கூலிக்கு அமர்ந்த குட்வின் என்ற ஆங்கிலேய இளைஞர், சில நாட்களிலேயே கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவருடைய நிழலாகவே ஆகிவிட்டார். இன்று அச்சில் கிடைக்கும் விவேகானந்தப் பிரசங்கங்களில் பெரும்பகுதிக்கு அவருடைய பென்சிலுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இந்தியாவுக்கும் உடன்வந்து, 1898 ஜூன் 2-ஆம் தேதி, முப்பது வயதுகூட நிரம்பாமல் உதகமண்டலத்தில் காலமானார்.

ஒருவர் பேச்சினால் மற்றொருவர் உள்ளம் எழுவது எப்படி என்பதற்குச் சாட்சியம் சொல்லத் தகுதி படைத்தவர்களில் சகோதரி நிவேதிதை முக்கியமானவர். 1895 நவம்பரில் லண்டன் மாளிகை ஒன்றின் வரவேற்பறையில், பதினைந்து பதினாறு பேருக்கு நடுவே, சுவாமி பேசக் கேட்டார். பேச்சு முடிந்ததும், வந்திருந்தவர்கள் புறப்படுமுன், இதில் புதிதாக ஒன்றும் இல்லையே என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்கள். நிவேதிதையும் அந்தக் கட்சியில்தான் இருந்தார். அன்று கரகோஷமும் இல்லை, கண்ணீரும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தம் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த சில நாட்களில்தான், புதிய மனமொன்று தந்த செய்தியை அவ்வளவு எளிதாகத் தள்ளியது அநியாயம் என்ற நினைவு அவருக்கு மெல்ல எழுந்தது. தம் நாட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுக் கல்கத்தாவின் சந்து ஒன்றில் பெண்குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்கக் கொண்டுவந்து சேர்த்த பிரசங்கம், கேட்ட அன்றைக்கு ஒரு விளைவையும் உண்டாக்கவில்லை. நம் ஊர்களில் ஆண்டுவிழா முடிந்து, மாலையும் கழுத்துமாய்ப் பிரசங்கி காரில் ஏறும்போதே, இன்று பேச்சு பிரமாதம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோமே. அந்தத் தீர்ப்புக்கு என்ன மதிப்பு இருக்கமுடியும்?

இதற்கு நேர்மாறான காட்சி 1897 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்தது. கொழும்பில் இறங்கி, பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாக வந்த சுவாமியை எழும்பூரில் ஜனசமுத்திரம் எதிர்கொண்டது; வழியிலே குதிரைகளை அவிழ்த்துவிட்டு இளைஞர்கள் வண்டியைத் தாங்களே இழுத்தார்கள். விக்டோரியா மண்டபத்தில் வரவேற்புப் பத்திரம் வாசிக்க ஏற்பாடாகியிருந்த அன்று, உள்ளே இடம் கிடைக்காத கூட்டம் வெளியே வரும்படி ஆர்ப்பரிக்கவே, அவர் வெளியே போய் ஒரு கோச்சு வண்டியின் மேல் ஏறி நின்று, கீதையைப் போல ரதத்தில் இருந்து பேசவேண்டியதாயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லித் தொடங்கினார். குருக்ஷேத்திரத்தில் கேட்பவன் ஒருவன். இங்கே பல்லாயிரம் பேர், அத்தனை பேரும் கூவிக்கொண்டு. குரல் எட்டவில்லை. இந்த உற்சாகம் அணையாமல் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு சுருக்கமாக முடித்துவிட்டார். தமிழ்நாட்டில் அவருக்குக் கூடிய பெருங்கூட்டத்தின் முன்னே அவர் பேசமுடியாமல் போயிற்று என்பது சற்று யோசிக்கவைக்கிற விஷயம். ஆவேசம் மிகுந்தால் அது யார்மேல் கொண்ட அன்பினால் எழுந்ததோ அவருடைய குரலையே அமுக்கிவிடுகிறது.

அடுத்த சில நாட்களில் அதே மண்டபத்தில் தம் செயல்திட்டத்தைப் பற்றிப் பேசியபோது, தேசபக்தி என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் மூன்று கேள்விகளை வைத்தார். ஜனங்களின் துயரம் உன் ரத்தத்தில் கலந்து உன் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறதா என்பது முதற்கேள்வி. அதற்குப் பரிகாரம் ஏதாவது கண்டுபிடித்திருக்கிறாயா என்பது இரண்டாவது. மலைபோன்ற இடையூறு வந்தாலும், உலகமே வாளெடுத்து எதிர்த்தாலும், அந்த வழியில் நிற்பாயா என்பது மூன்றாவது. ஹிருதயத்தால் உணர்வதை முதற்படி என்றுதான் அவர் சொன்னார். அதுவே முழுவதும் என்று சொல்லவில்லை. நம் மேடைகளில் பெரும்பாலும் முதற்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு வலுவான ஆக்ஷேபத்தை எதிர்கொள்ளாமல் தப்பமுடியாது. வெறியனும் மனப்பூர்வமாகத்தான் பேசுகிறான். தன்னை மறந்துதான் பேசுகிறான். தூக்கத்தையும் சுகத்தையும் துறந்து, உயிரையும் கொடுக்கத் துணிந்து, எதிரில் உள்ளவர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டு, அவர்களை அயல்வீட்டுக்காரன் மேல் ஏவிவிடுகிறான். சென்ற நூற்றாண்டு வானொலிப் பெட்டியின் வழியாக அத்தகைய குரல்களைக் கேட்டிருக்கிறது. தன்னலமின்மையே வாக்கின் வல்லமைக்குக் காரணம் என்றால் இவனுக்கு எங்கிருந்து அந்த வல்லமை வந்தது? அவன் உள்ளூரச் சுயநலக்காரன் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். உண்மை எப்போதும் அவ்வளவு சௌகரியமாக இருப்பதில்லை. எனக்கு எட்டியமட்டில் சொல்லக்கூடியது, அவன் தனக்காக ஒன்றும் வேண்டாவிட்டாலும், கேட்பவன் தன்னைப்போலவே ஆகவேண்டும் என்பதை வேண்டுகிறான் என்பதே. கேட்பவனுடைய சம்மதம் அவனுக்கு ஆகாரம். அது கிடைக்காவிட்டால் அவன் கொதிக்கிறான். அவன் பேச்சைக் கேட்டு எழுந்துபோகிறவன், வந்தபோது இருந்ததைவிடச் சிறியவனாகவும், மற்றொருவனை நம்பியே நிற்கவேண்டியவனாகவும் போகிறான். நிவேதிதையைப் போல ஆக்ஷேபிக்கவும், தாமதிக்கவும், தானாகத் திரும்பிவரவும் அவன் சபையில் இடமில்லை. இந்தப் பதில் முற்றிலும் போதுமானது என்று நான் சாதிக்கமாட்டேன். பேச்சு நடக்கும் கணத்தில் இரண்டு வகைப் பிரசங்கிகளும் ஒருவர்போலவே தோன்றுவார்கள் என்பதையும், உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அப்போது வேறுபாடு தெரிவது அரிது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆளில்லாத இடத்தில் இருவரும் என்ன செய்வார்கள் என்று பார்க்க முடிந்தால் விஷயம் தெளிவாகிவிடும். அப்படிப்பட்ட பரீட்சை ஒன்று சென்னையிலேயே நடந்திருக்கிறது. இங்கே தங்கி உபதேசிக்கத் துறவி ஒருவர் வேண்டும் என்று சென்னை அன்பர்கள் கேட்டதன்பேரில், விவேகானந்தர் தம் உடன்சீடரான ராமகிருஷ்ணானந்தரை, அதாவது சசி மகாராஜை, 1897 மார்ச்சில் அனுப்பிவைத்தார். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைத்த, கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பல ஆண்டுகள் அவருடைய வாசம். அவர் வக்தா அல்லர். ஸ்தூல சரீரம், ஜட்கா வண்டியில் திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் மற்றப் பேட்டைகளுக்கும் குலுங்கிக் குலுங்கிப் போய் வகுப்புகள் நடத்திவிட்டு, களைத்துத் திரும்பிவந்து தாமே சமைத்துக் குருதேவருக்கு நைவேத்தியம் செய்யவேண்டும். வகுப்புகளுக்கு வருகிறவர்கள் சில நாள் ஐந்தாறு பேர், சில நாள் அதுவும் இல்லை.

ஒரு நாள் நல்ல மழை. வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. சற்றுத் தாமதித்து வந்த ஒருவர், காலி அறையில் சுவாமி வழக்கம்போல உட்கார்ந்து, வழக்கமான குரலில், குறித்த பகுதிக்கு வியாக்கியானம் சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்து, யாருக்காகச் சொல்கிறீர்கள் என்று வினவினாராம். நான் இங்கே பிறருக்குக் கற்பிக்க வரவில்லை, இது எனக்கு ஒரு விரதம், யார் வந்தாலும் வராவிட்டாலும் அதை நிறைவேற்றுகிறேன் என்ற கருத்துப்பட அவர் பதில் சொன்னதாக அவருடைய சரித்திரம் கூறுகிறது. முதலில் படித்தபோது இதை ஒரு துறவியின் பிடிவாதம் என்றே எண்ணினேன். சற்றுச் சிரிப்பும் வந்தது. ஆனால் வெறியனை அந்தக் காலி அறையில் உட்காரவைத்துப் பாருங்கள். அவனால் ஐந்து நிமிஷம் பேசமுடியாது. சபைதான் அவனுக்குப் பிராணன். புகழ் வேண்டிப் பேசுகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அறைக்கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, ஏற்பாடு செய்தவர்களை வைதுகொண்டே வண்டி ஏறிவிடுவான். சசி மகாராஜ் மட்டும் முழு அத்தியாயத்தையும் சொல்லி முடிப்பார். வாய்மையை வள்ளுவர் துறவறத்தில் வைத்த காரணம் இங்கே சற்று விளங்குகிறது.

அவர் 1911-இல் மறையும்வரையில் பதினான்கு வருஷம் இப்படியே நடந்தது. பிரசங்கம் என்று எடுத்துக் காட்டும்படி பிரபலமானது ஒன்றும் இல்லை. தென்னாட்டில் ராமகிருஷ்ண இயக்கம் வேரூன்றியது கோச்சு வண்டிமேல் நின்று பேசியதனாலா, காலி அறையில் பேசியதனாலா என்று கேட்டால், இரண்டினாலும் என்பதுதான் நியாயமான விடை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும் என்று நெருக்கினால் நான் அறையின் பக்கமே சாய்வேன்.

விவேகானந்தரும் அந்தப் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தார் என்பதற்கு ஆதாரம் உண்டு. 1900 ஏப்ரலில் கலிபோர்னியாவின் அலமேடாவிலிருந்து மெக்லவுட் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில், தலைவன், ஆசாரியன், வழிகாட்டி எல்லாம் போய்விட்டதாகவும், தக்ஷிணேசுவரத்து ஆலமரத்தடியில் பரமஹம்ஸரின் பேச்சை வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்த பையன்தான் தாம் என்றும், செய்த காரியங்கள் யாவும் மேலே ஏறி உட்கார்ந்தவை என்றும் எழுதினார். உலகத்துக்குப் பேச்சாளராகத் தோன்றினவர் கடைசியில் கேட்பவராகவே தம்மைக் கண்டுகொண்டார். ஆணை பெற்றவன் யார் என்ற கேள்விக்கு இதைவிட நெருங்கிய விடை அவரிடமிருந்து நமக்குக் கிடைக்காது. 1902 ஜூலை 4-ஆம் தேதி, அவருடைய வாழ்நாளின் கடைசிப் பகலில், பேலூர் மடத்துப் பிரம்மசாரிகளை உட்காரவைத்து அவர் சுமார் மூன்று மணி நேரம் பாடம் நடத்தினார். வேதாந்தம் அன்று, லகு கௌமுதி என்னும் ஸம்ஸ்கிருத இலக்கணம். குட்வின் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்திருந்தாலும், இலக்கண வகுப்பைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தரும்படி அவரை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?